பால் வற்றிய காலை

எங்கள் தெருவுக்கு எருமையை ஓட்டி வந்து வாசலிலேயே கறந்து கொடுக்கும் பால்காரம்மா, கறக்க உட்காருவதற்கு முன்னால் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார். உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு அது சாட்சி. கவிழ்த்த செம்பிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழாது. ஆனாலும் அந்தப் பாலைக் காய்ச்சினால் ஆடை கட்டாது. கண்ணெதிரே கறக்கிற பாலில் தண்ணீர் எந்த வழியாக வந்து சேருகிறது என்பதை எங்கள் தெருவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் சொன்ன அளவை நம்பித்தான் ஐந்து மாதம் நான் காலை எழுந்து பல் துலக்கி, சேலை கட்டி, பள்ளிக்குப் போய் வந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது வயல்களை மட்டம் செய்து ஒவ்வொரு தொழிற்சாலையாக எழும்பிக்கொண்டிருந்தது. என் கணவர் அவற்றில் ஒன்றில் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஒன்பது வருடம் கழித்து எங்களுக்குப் பிறந்தவள் ஒரே மகள். அந்த வருடம் அவளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு, அதுவும் என் வகுப்பு. வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று அவள் சரியாகப் பிரித்து வைத்திருந்தாள். படி தாண்டித் தெருவில் இறங்கியதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கரும்பலகையில் நான் எழுதிய திருக்குறளைத் தலைமை ஆசிரியர் ஒரு வாரம் அழிக்க விடாமல் வைத்திருந்திருக்கிறார். என் மகளுக்கும் அதே கை. இரட்டைக் கோட்டு நோட்டில் அவள் எழுதும் ‘ழ’வின் வால் கீழ்க்கோட்டைத் தொட்டு நிற்கும், தாண்டாது. தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்த வால் தாண்டியது. அடுத்த வாரம் ‘ழ’ மொத்தமும் கோட்டை விட்டு வெளியே விழுந்தது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, யாரோ முதுகில் தள்ளிவிட்ட மாதிரி எழுத்துகள் சரிந்து கிடந்தன.

சேட்டை என்றுதான் நினைத்தேன். சேட்டை என்ற சொல் ஆசிரியர்களுக்கு மிகவும் வசதியானது. அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. தட்டு விழுந்தால் சேட்டை. வகுப்பில் உட்கார முடியாமல் நெளிந்தால் சேட்டை. தலைமை ஆசிரியர் வந்து நின்றபோது அவள் முகத்தைக் கோணி நாக்கை நீட்டினாள். அவர் என்னிடம், “உங்க பொண்ணு என்னைப் பழிப்புக் காட்டுறா டீச்சர்” என்றார். சொந்த மகள் என்பதால் விட்டுவிட்டேன் என்ற பேச்சு வரக்கூடாது. மரஸ்கேலை எடுத்து அவள் விரல் முட்டியில் இரண்டு அடி அடித்தேன். அடி விழ விழ அந்தக் கை இன்னும் துள்ளியது. அடிக்குப் பயந்து துள்ளுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் சேட்டை செய்யவில்லை என்று முதலில் சொன்னது பால்காரம்மாதான். தினமும் பால் வாங்கக் குண்டானைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் மகளின் வேலை. மூன்று நாள் தொடர்ந்து பால் தரையில் கொட்டியது. நான்காம் நாள் நான் அவளை அதட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

“டீச்சரம்மா, பாப்பாவ இன்னாத்துக்குத் திட்டுற?” என்றார் பால்காரம்மா, எருமையின் பின்னங்காலில் கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. “அது சேட்டை பண்ணல. கை அது பேச்சக் கேக்க மாட்டேங்குது. தோ பாரு.”

பார்த்தேன். குண்டானைப் பிடித்திருந்த விரல்கள் தாமாக விரிந்தன, தாமாக மூடின. தோள்பட்டை ஒரு தரம் குலுங்கியது. என் மகள் என்னைப் பார்க்காமல் கீழே சிந்திய பாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். விடுப்புக் கடிதத்தில் என் கையெழுத்தே கோட்டில் நிற்கவில்லை.

பாசஞ்சர் வண்டியில் சென்னைக்குப் போனோம். மீஞ்சூர் வரைக்கும் என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக வந்தாள். கம்பியும் அவளும் சேர்ந்து ஆடினார்கள். வண்டியில் எல்லாமே ஆடியதால் அவளுடைய ஆட்டம் தனியாகத் தெரியவில்லை. இப்படியே இறங்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் ஒல்லியானவர். அவசரமே இல்லாதவர். “நாக்கை நீட்டும்மா. நான் சொல்ற வரைக்கும் உள்ள இழுக்காதே” என்றார். அவள் நீட்டினாள். நாக்கு பல்லி மாதிரி உள்ளே ஓடியது. மறுபடியும் நீட்டினாள், மறுபடியும் ஓடியது.

“ஐயா, நான் உங்களைப் பழிப்புக் காட்டல,” என்றாள் அவள். “டீச்சர் அடிப்பாங்க.”

“எந்த டீச்சர்?”

அவள் ஆடுகிற விரலால் என்னைக் காட்டினாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். சிரிக்காமல், “டீச்சருக்கு லீவு கொடுத்துடலாம்” என்றார். பிறகு தன் இரண்டு விரல்களை அவள் கையில் கொடுத்து, “இறுக்கிப் பிடி, விடாதே” என்றார். அவள் பிடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் கை இறுகியது, தளர்ந்தது, இறுகியது, தளர்ந்தது.

“பால் கறக்கிற மாதிரி இருக்கு இல்லையா?” என்றார் என்னிடம். “நாங்க இதுக்குப் பால்காரியின் பிடின்னே பேர் வெச்சிருக்கோம். நாலஞ்சு மாசம் முன்னால இவளுக்குத் தொண்டை வலி, காய்ச்சல் வந்துச்சா?”

ஆடி மாதத்தில் வந்திருந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னேன், மூன்று நாளில் சரியாகிவிட்டது. அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். தொண்டையில் வந்த கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையை அனுப்புகிறது என்றார். கிருமி ஒழிந்த பிறகும் சில பிள்ளைகளுக்கு அந்தப் படை திரும்புவதில்லை. ஆள் அடையாளம் தெரியாமல் மூளைக்குள் ஒரு இடத்தில் போய் அடிக்கிறது. கை கால்களை அடக்கி ஆளும் இடம் அது. அங்கே வீங்குவதால் அவை தம் இஷ்டத்துக்கு ஆடுகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறோம் என்றார். ஆள் தெரியாமல் அடிப்பது என்று அவர் சொன்ன இடத்தில் நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பெயர் ரூமாட்டிக் கொரியா. நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, இதயத்தில் இப்போதைக்குக் கோளாறு இல்லை என்றார். ஓய்வு வேண்டும், ஒரு மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, அந்த ஊசி மட்டும் அவளுக்கு இருபத்தொரு வயது ஆகும் வரை. கை கால் ஆட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும், வீட்டில் தினமும் விரலைக் கொடுத்துப் பிடியைப் பாருங்கள், குறைகிறதா என்று தெரியும் என்றார்.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நான் ரயிலில் திரும்பும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். என் மகள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் கட்டிலில் படுத்தபடி என் பூகோளப் படப்புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். பக்கத்தைப் புரட்ட அவள் பட்ட பாட்டில் ஆசியா ஓரத்தில் கிழிந்தது. கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “வடக்கு கொரியா இருக்குப்பா. தெற்கு கொரியாவும் இருக்கு. ரூமாட்டிக் கொரியா எங்கயுமே இல்லையே.”

என் கணவர் அன்று சிரித்த சிரிப்பு அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. அவர் அதிகம் பேசாதவர். அடுத்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டு வந்தார். கழிவு இரும்பில் அவரே கடைந்து, அடிப்பாகத்தைக் கனமாக வைத்துச் செய்தது. அவள் கை எப்படி இடித்தாலும் அது சாயாது. அதை மேசையில் வைத்தபோது வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “இது விழுந்தா டம்ளருக்கு ஒண்ணும் ஆகாது,” என்றார் கணவர். “தரைக்குத்தான் ஆகும்.” குடிப்பதற்கு நாங்கள் இருவருமாக அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிடியைப் பார்ப்பது என் வேலை. முதல் நாள் என் விரல்களைக் கொடுத்தேன். அவள் கை இறுகித் தளர்ந்ததும் என் விரலை உருவிக்கொண்டுவிட்டேன். ஸ்கேல் விழுந்தபோது துள்ளியதும் இதே துள்ளல்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. “என்னம்மா ஆச்சு?” என்றாள். “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று எழுந்துபோனேன். மறுநாளும் பால் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, மனம் தாங்காமல் பால்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்காரியின் பிடி என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் செம்பைக் கீழே வைத்தார்.

“இன்னாமா இது பேஜாரு. நோவுக்கு எம் பேரு வெச்சிக்கினு கீறாங்களா?”

“உன் பேர் இல்ல. கறக்கிற மாதிரி...”

“கறக்குறது இன்னான்னு அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்? எங்க, பாப்பாவ வரச் சொல்லு.”

என் மகளை வாசற்படியில் உட்கார வைத்தோம். பால்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்து இரண்டு விரல்களை நீட்டினார். நாற்பது வருடம் மடியைப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். என் மகள் பிடித்தாள். பால்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். எருமை வாலால் ஈயை விரட்டிக்கொண்டு காத்திருந்தது.

“டாக்டரு சரியாத்தான் சொல்லிக்கிறாரு,” என்றார் கடைசியில். “ஆனா பாப்பா புதுசு. அவசரப்பட்டுக் கறக்குது. ஒரு படி வரும்.”

“ஒரு படியா?” என்றாள் என் மகள், பெருமையாக.

“பின்ன. எம் மாடே அவ்ளோ குடுக்காது.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. எருமையைக் கறப்பதற்கு முன்னால் என் மகளைக் கறப்பார். முக்கால் படி, அரைப்படி, மூணு ஆழாக்கு என்று தினமும் ஓர் அளவு சொல்வார். படிக்கு எட்டு ஆழாக்கு; அளவு இறங்க இறங்க ஆட்டமும் குறைகிறது என்று அர்த்தம். நான் அதைக் காலண்டர் தாளில் பென்சிலால் குறித்து வைப்பேன். மருந்தின் மயக்கத்தில் பகலில் அதிகம் தூங்குகிறவள், காலையில் மாட்டின் மணிச் சத்தம் கேட்டதும் தானே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். பொத்தானைப் போட முடியாமல் அழுகிற பெண், சீப்பைச் சுவரில் வீசுகிற பெண், அந்த ஐந்து நிமிடம் மட்டும் சிரித்துக்கொண்டே இருப்பாள். பால்காரம்மா அவளை ‘கறவை’ என்று கூப்பிடத் தொடங்கினார். “இன்னா கறவை, நாஷ்டா துன்னியா?” வேறு யாராவது என் மகளை அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

மதியம் அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தூக்கத்தில் ஆட்டம் கிடையாது. விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாகக் கிடக்கும். உள்ளே எதுவும் உடைந்துபோகவில்லை என்று அந்தக் கைகளைப் பார்த்துத்தான் என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

பொங்கலின்போது ஒரு ஆழாக்கு வரை இறங்கியது. வாசலில் அவள் ஒரு புள்ளிக் கோலம் போட்டாள். புள்ளிகள் ஊரெல்லாம் சுற்றின. ஆனால் கோடு புள்ளிகளைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. மறுநாள் பால்காரம்மா கண்ணைத் திறக்க வெகு நேரமாயிற்று.

“அரைப்படி,” என்றார்.

அவள் உள்ளே போன பிறகு, சொல்லக்கூடாததைச் சொன்னேன். “நேத்து வரைக்கும் ஒரு ஆழாக்குன்னு சொன்னியே. எங்க மனசு குளிரணும்னு பொய் அளவு சொன்னியா? உன் அளவு எனக்குத் தெரியாதா?”

பால்காரம்மா கோபப்படவில்லை. எருமையின் முதுகைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். “டீச்சரம்மா, பால்ல தண்ணி கலப்பேன். இதுல கலக்க மாட்டேன்.”

பல வருடமாகத் தெருவே கேட்டும் வராத ஒப்புதல் எனக்கு மட்டும் கிடைத்தது. நான் அழுகையும் சிரிப்புமாக நின்றேன். “எப்படிக் கலக்கிற?” என்று கேட்டேன். “அத மட்டும் கேக்காத” என்றார்.

அந்த மாசி அமாவாசைக்கு ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூருக்குப் போனோம். நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது அங்கே வழக்கம். வெல்லத்தை அவள் கையாலேயே போட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் குளத்துக்குக் குறி பார்த்தாள். கை வேறு பக்கம் வீசியது. வெல்லக்கட்டி, கழுத்தளவு நீரில் கண்மூடி நின்றிருந்த ஒரு பெரியவரின் உச்சந்தலையில் போய் விழுந்தது. நான் படியிறங்கி மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவர் தலையைத் தடவிப் பார்த்து, விரலை நக்கிப் பார்த்தார். “வெல்லம்தானே, கரைஞ்சா சரி” என்று சொல்லிவிட்டு அப்படியே முங்கினார். என் மகள் திரும்பி வரும் பஸ்ஸில் ஊத்துக்கோட்டை வரை சிரித்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து, அவர் முங்கி எழுந்ததை அப்பாவிடம் நடித்துக் காட்டியபோது, அவள் கை ஆடியதா என்று கவனிக்க நான் மறந்துவிட்டேன். ஐந்து மாதத்தில் நான் மறந்தது அந்த ஒரு தடவைதான்.

பங்குனியில் ஒரு காலை. வெயில் அப்போதே ஏறத் தொடங்கியிருந்தது. முந்தைய வாரமெல்லாம் ‘கொஞ்சம் ஒட்டிக்கினு கீது’ என்றுதான் பால்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வழக்கம்போல் விரல்களைக் கொடுத்தார், கண்ணை மூடினார். மூடியபடியே இருந்தார். எருமை பொறுமையிழந்து கால் மாற்றியது. என் கணவர் சைக்கிளைப் பிடித்தபடி வேலைக்குப் போகாமல் நின்றார்.

பால்காரம்மா கண்ணைத் திறந்தார். என் மகளின் பிடியில் இருந்த விரல்களை உருவப் பார்த்தார். முடியவில்லை. “வுடு கறவை, வலிக்குது” என்றார். பிறகு இடது கையால் செம்பை எடுத்து, என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

“வத்திப்போச்சு.”

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

“சுத்தமா வத்திப்போச்சு டீச்சரம்மா. ஒரு சொட்டு இல்ல.” எழுந்து தெருவைப் பார்த்து இன்னும் சத்தமாகச் சொன்னார். “வத்திப்போச்சு.”

எதிர்வீட்டு அம்மாள் கையில் பாத்திரத்தோடு பதறி ஓடி வந்தார். “அடக்கடவுளே. நல்லாத்தானே கறந்துக்கினு இருந்துச்சு. அப்ப எங்களுக்கு நாளையிலருந்து பால்?”

“எம் மாடு இல்லமா. டீச்சரம்மா மாடு.”

“டீச்சரம்மா எப்ப மாடு வாங்கினாங்க?”

என் கணவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. எதிர்வீட்டு அம்மாள் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். எருமையை ஒரு தரம் பார்த்தார். அதற்கும் எதுவும் தெரியவில்லை.

இதை எழுதும்போது என் மகளுக்குப் பதினேழு வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி இன்னும் தொடர்கிறது. ஊசி நாளில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். இதயத்தில் சத்தம் இல்லை. அவளுடைய ‘ழ’ என்னுடையதைவிட அழகு. ஆனாலும் சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் ஓடிப்போய் நிற்கிறேன். அவளுக்குத் தொண்டை கரகரத்தால் நான் ரயில் நேரம் பார்க்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை நெளிந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு அதன் விரல்களைப் பார்க்கிறேன். மரஸ்கேலை அதற்குப் பிறகு கோடு போடுவதற்கு மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

‘வத்திப்போச்சு’ என்று தெருவுக்கே சொன்ன அன்று காலை, பால்காரம்மா என்னை விடவில்லை. “நான் சொல்றத எழுதி எழுதி வெச்சியே, நீ ஒரு நாளாச்சும் புடிச்சுப் பாத்தியா? வா, குந்து.”

“அடுப்புல பால்...”

“இன்னும் நான் கறக்கவே இல்ல. அதுக்குள்ள இன்னா பாலு?”

தப்பிக்க வழியில்லை. படியில் உட்கார்ந்தேன். இரண்டு விரல்களை நீட்டினேன். நான் அடித்த அதே வலது கையால் என் மகள் பிடித்தாள். இறுக்கமாக, ஒரே சீராகப் பிடித்தாள். தளரும் என்று காத்திருந்தேன். தளரவில்லை. ஆனால் எங்கள் இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன.

“ஆடுதே,” என்றேன்.

என் மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “நான் இல்லம்மா. நீதான் ஆடுற.”

பால்காரம்மா குனிந்து பார்த்தார். “ஆமா, இது உங்கம்மா கறக்குது,” என்றார். “எத்தினி இருக்கும் சொல்லு கறவை.”

என் மகள் அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள். என் விரல்களை விடாமல், நிதானமாக அளந்து பார்த்தாள்.

“அரைப்படி,” என்றாள்.